ஒன்றும் தரமாட்டேன் என்றவர்

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. மாதக் கணக்கில் என் ஸ்கூட்டியின் பின் சீற்றில் இருந்து மன்னார்த் தீவையும் எதிர்ப்பக்கத்துக் கரையையும் சுற்றிப் பார்த்து, என் கையால் எத்தனையோ நாள் சோறு சாப்பிட்டுவிட்டு, கடைசியில் தன் புத்தகத்தில் என்னை "கள உதவியாளர் ஒருவர்" என்று எழுதிவிட்டுப் போனவர் அவர். கேட்டால் ஆராய்ச்சி ஒழுக்கம் என்பார். எனக்கும் ஒழுக்கம் உண்டு. ஆகவே இங்கே அவரும் ஆராய்ச்சியாளர் ஒருவர்தான்.

ஊரெல்லாம் அவரை மிஸ் என்றது. நானும் அப்படியே கூப்பிட்டேன். சின்ன வயதிலேயே தாய் தகப்பனோடு யாழ்ப்பாணத்தை விட்டுப் போய் வெளிநாட்டில் படித்து, அங்கேயே ஒரு பல்கலைக்கழகத்தில் வேலை செய்கிறவர். வெளிநாடுகள் கொடுக்கிற உதவி ஏழை நாடுகளுக்கு வந்து சேர்ந்த பிறகு அதற்கு யார் பொறுப்பு, எந்த அரசாங்கக் கந்தோர் முடிவெடுக்கிறது, யாருக்குப் போய்ச் சேருகிறது என்பதுதான் அவருடைய படிப்பு. நான் அப்போது வேலையில்லாமல் இருந்தேன். யுத்தம் முடிந்த பிறகு இங்கே வந்து குவிந்த நிறுவனங்களில் ஒன்று மாறி ஒன்றாக வேலை செய்தவள் நான். அவர்கள் எல்லோரும் "புரொஜெக்ட் முடிஞ்சுது" என்று ஒவ்வொருவராக மூட்டை கட்டிப் போய்விட்டார்கள். எனக்கு மிஞ்சியது இலச்சினை அடித்த தொப்பிகளும் குடைகளும்தான். எங்கள் வீட்டில் இன்றைக்கும் மழைக்கு ஒரு நிறுவனம், வெயிலுக்கு ஒரு நிறுவனம்.

மிஸ்ஸிடம் ஒரு பழக்கம் இருந்தது. யாரிடமும் ஒரு கேள்வி கேட்பதற்கு முன் ஒரு தாளை எடுத்து நிறுத்தி நிதானமாக வாசிப்பார். உங்கள் பெயரை வெளியிடமாட்டேன், விருப்பமில்லாத கேள்விக்குப் பதில் சொல்லத் தேவையில்லை, நீங்கள் எந்த நேரமும் எழுந்து போகலாம் என்று அது போகும். நானாட்டான் பக்கத்தில் ஒரு வயல்காரப் பெரியவர் இதை முழுவதும் கேட்டுவிட்டுத் தன் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பிள்ளை, இது என்ர வீடு. நான் எழும்பி எங்க போறது?"

மிஸ் சிரிக்கவில்லை. "விருப்பமில்லையெண்டால் நாங்கள் எழும்பிப் போவம் ஐயா" என்றார். பெரியவர் பதறிப்போய், "சீச்சீ, இருங்கோ, இருங்கோ, தேத்தண்ணி வருது" என்று உள்ளே பார்த்துச் சத்தம் வைத்தார். பிறகு மத்தியானம் வரை குளத்துக்குத் தண்ணீர் வராத கதையை விடாமல் சொன்னார். எழும்பிப் போகலாமா என்று நான்தான் ஏங்கிக்கொண்டிருந்தேன்.

அந்தத் தாளை வாசித்து முடித்தவுடன் தாளில் இல்லாத ஒன்றையும் சொல்வார்.

"நான் ஒண்டும் தரமாட்டன். ஒண்டும் செய்யவும் மாட்டன். கேக்க மட்டும்தான் வந்தனான்."

இதைத்தான் எங்கள் சனத்துக்கு விளங்கப்படுத்தவே முடியாமல் போனது. வெளியாள் ஒருவர் கிராமத்துக்கு வந்தால் என்ன நடக்கும் என்பது இங்கே எல்லோருக்கும் மனப்பாடம். வேப்பமரத்துக்குக் கீழே பிளாஸ்டிக் கதிரைகள் வரும். செவ்விளநீர் வரும். சங்கத் தலைவி எழுந்து குறைகளைச் சொல்லுவார். வந்தவர் தலையை ஆட்டி, மேலிடத்துக்கு அறிவிப்போம் என்பார். படம் எடுப்பார்கள். அதற்குப் பிறகு சிலவேளை கோழிக்குஞ்சு வரும், பலவேளை ஒன்றும் வராது. இந்த ஒழுங்கில் ஒன்றும் தரமாட்டேன் என்று முதலிலேயே சொல்கிற ஆளுக்கு இடமே இல்லை. ஆகவே சனம் தங்களுக்குள் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தது. சின்ன நிறுவனங்கள்தான் அதைத் தருவோம், இதைத் தருவோம் என்று வாய் கிழியக் கதைக்கும். இவ ஒன்றும் தரமாட்டேன் என்கிறா என்றால், எல்லோருக்கும் மேலே இருந்து இரகசியமாகப் பார்க்க வந்த பெரிய ஆள்.

மிஸ் மறுக்க மறுக்க இந்த நம்பிக்கை முற்றிக்கொண்டே போனது. "நான் எந்த நிறுவனமும் இல்லை" என்று அவர் சொன்ன இடத்தில் செவ்விளநீர் இரட்டிப்பானது.

ஒன்றும் செய்யமாட்டேன் என்றதை அவர் எவ்வளவு கடுமையாகக் கடைப்பிடித்தார் என்பதற்கு ஒரு கதை சொல்கிறேன். எங்கள் தீவில் கழுதைகள் தங்கள் பாட்டில் திரிகிறவை. தெருவில் படுப்பதும் கடைக்குள் எட்டிப் பார்ப்பதும் அவற்றின் உரிமை. ஒருநாள் ஒரு கிராமத்துச் சங்கக் கூட்டத்தை மிஸ் பின்வரிசையில் இருந்து கவனித்துக்கொண்டிருந்தார். முன்வரிசை ஆட்கள் தண்ணீர்த் தாங்கியை எங்கே வைப்பது என்று மும்முரமாகச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தபோது, ஒரு கழுதை பின்வாசலால் வந்து, மேசையில் விரித்து வைத்திருந்த தாங்கியின் வரைபடத்தைத் தின்ன ஆரம்பித்தது. அதற்குப் பக்கத்தில் இருந்தவர் மிஸ்தான். பார்த்தார். கழுதையும் அவரைப் பார்த்தது. அவர் அசையவில்லை. நான் ஓடிப்போய்த் துரத்துவதற்குள் பாதி வரைபடம் உள்ளே போய்விட்டது.

"ஏன் மிஸ் கலைக்கேல்லை?" என்று வெளியே வந்து கேட்டேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம்.

"நான் இல்லாட்டி என்ன நடந்திருக்குமோ அதுதான் நடக்கவேணும், தங்கச்சி."

"நீங்கள் இல்லாட்டி அந்தக் கதிரையில வேற ஆரும் இருந்திருப்பினம். அவை கலைச்சிருப்பினம்."

அவர் சற்று யோசித்தார். "அது நல்ல கேள்வி" என்றார். நான் கேள்வியே கேட்கவில்லை.

எதைப் பற்றியும் தன் அபிப்பிராயத்தைச் சொல்லக்கூடாது என்பதும் அவருக்கு இரத்தத்தில் ஊறிவிட்டிருந்தது. எங்கள் வீட்டில் முதன்முதல் சாப்பிட்டபோது, "மிஸ், கறி உறைப்போ?" என்று கேட்டேன். கண்ணாலும் மூக்காலும் தண்ணீர் ஓட, "உறைப்பைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீங்கள்?" என்றார். என் மனுசன் சிரிப்பை அடக்க முடியாமல் சோற்றுக் கோப்பையோடு குசினிக்குள் போய்விட்டார்.

எல்லாம் பகிடியாகவே இருந்துவிடவில்லை. எருக்கலம்பிட்டியில் ஒரு அம்மாவிடம் போனோம். இடம்பெயர்ந்து போய், எத்தனையோ வருடம் கழித்துத் திரும்பி வந்து, உதவிப் பணத்தில் பாதிவரை எழும்பி நின்றுவிட்ட வீட்டில் இருந்தவர். கேட்ட எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இவ்வளவையும் கேட்டுட்டு என்ன செய்யப் போறீங்க மகள்?"

"எழுதுவன்."

"எழுதினா?"

"படிச்ச ஆக்கள் வாசிப்பினம்."

"வாசிச்சா?"

மிஸ் எழுதுவதை நிறுத்தினார். அந்த அம்மா அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு, "அதுக்கென்ன, தேத்தண்ணியக் குடிங்க" என்று அவருக்கே ஆறுதல் சொன்னார். திரும்பி வருகிற வழியில் மிஸ் ஸ்கூட்டியை நிறுத்தச் சொன்னார். தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் கடலேரிப் பக்கம் பார்த்தபடி நின்றார். எனக்குக் கோபம் ஒரு பக்கம், பாவமாக இருந்தது ஒரு பக்கம்.

"உங்களுக்குத் தெரிஞ்ச பெரிய ஆக்கள் ஆரிட்டயும் ஒரு வார்த்தை சொல்லேலாதோ மிஸ்?" என்று கேட்டேன்.

அப்போதுதான் சொன்னார். படிக்கிற காலத்தில், வேறொரு நாட்டில், ஒரு கிராமத்துக்காக ஒரு அதிகாரியிடம் அப்படி ஒரு வார்த்தை சொன்னாராம். அதிகாரி இவரை ஒன்றும் செய்யவில்லை. இவரிடம் முறையிட்ட மனிதரைத் தேடிப் பிடித்து, அவருக்குக் கிடைத்துக்கொண்டிருந்த உதவியையும் நிறுத்திவிட்டார். "நான் விமானம் ஏறி வந்திட்டன். அந்தாள் அங்கதானே இருந்தது. அதுக்குப் பிறகு நான் கை வைக்கிறேல்லை" என்றார். அன்றுதான் அவரை எனக்குப் பிடித்துப்போனது என்று நினைக்கிறேன்.

இனி ரீற்றாக்காவின் கதைக்கு வருகிறேன். தீவின் கரையோரத்தில் ஒரு கிராமம். அங்கே பெண்கள் நண்டை அவித்து உடைத்துச் சதை எடுத்து ஒரு கொம்பனிக்குக் கொடுக்கிறார்கள். கொம்பனியின் குளிரூட்டிய லொறி வந்து ஏற்றிக்கொண்டு போகும். அந்தப் பெண்களின் சங்கத் தலைவி ரீற்றாக்கா. ஓலைக் கொட்டிலில், மண்ணும் மொய்க்கிற இலையானும் சூழ இருந்துதான் வேலை. ஒரு வெளிநாட்டு நிறுவனம் இதைப் பார்த்து இரங்கி, தரையோடு, பைப்போடு, வலைக்கதவோடு ஒரு அழகான கட்டடம் கட்டிக்கொடுத்தது. கட்டி முடித்த கையோடு அவர்களுடைய புரொஜெக்டும் முடிந்துவிட்டது. பூட்டின் திறப்பை ரீற்றாக்காவின் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

திறப்பு இருக்கிறதே, திறக்கவேண்டியதுதானே என்று வெளியூர்க்காரர் கேட்பார்கள். எங்கள் பக்கத்தில் திறப்புவிழா நடக்காத கட்டடத்துக்குள் ஒருவரும் கால் வைப்பதில்லை. பிரதம விருந்தினர் வரவேண்டும், மாலை போடவேண்டும், விளக்கு ஏற்றவேண்டும், ரிபன் வெட்டவேண்டும். அது ஒரு கக்கூசாக இருந்தாலும் அப்படித்தான். முன்னர் அந்தக் கிராமத்தில் வாசிகசாலை ஒன்றை விழா இல்லாமல் பாவித்துவிட்டு, யாரைக் கேட்டுத் திறந்தீர்கள் என்று சங்கம் விசாரணைக்குப் போய் நின்றது. ரீற்றாக்காவுக்கு அந்த அனுபவம் போதும். ஒரு கந்தோருக்குப் போய்ப் பிரதம விருந்தினராக வரச்சொல்லிக் கேட்டார். அந்தக் கட்டடம் மற்றக் கந்தோருக்கு உரியது, அவர்கள் கடிதம் தந்தால் வருகிறோம் என்றார்கள். மற்றக் கந்தோரும் அச்சொட்டாக அதையே சொன்னது. எந்தக் கந்தோர்கள் என்று நான் சொல்லமாட்டேன், நாளைக்கு நானும் அங்கேதான் கையெழுத்து வாங்கப் போகவேண்டும். பங்குச் சுவாமியார் வந்து கட்டடத்தை மந்திரித்துத் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். ஆனால் மந்திரிப்பு வேறு, விழா வேறு.

மிஸ்ஸுக்கு இந்தக் கதை தேனாக இனித்தது. இரண்டு கந்தோர்களுக்கும் போய் அரைநாள் அரைநாளாக உட்கார்ந்து கேள்வி கேட்டார். வெளியே வரும்போது முகம் பூரித்துப்போயிருந்தது.

"தங்கச்சி, இதைவிட நல்ல உதாரணம் உலகத்தில எங்கயும் கிடைக்காது. இதுதான் என்ர புத்தகத்தின்ர நடு அத்தியாயம்."

எனக்கு அது இனிக்கவில்லை. ஏனென்றால் அந்தக் கிழமைதான் கொம்பனியின் தரம் பார்க்கிற தம்பி வந்து, அடுத்த சீசனில் இருந்து கொட்டிலில் உடைத்த நண்டை எடுக்கமாட்டோம், தரை போட்ட சுத்தமான அறை இல்லையென்றால் லொறி இந்தப் பக்கம் வராது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தான். அந்தப் பெண்களில் பாதிப்பேருக்கு அந்த லொறிதான் அடுப்பு. மிஸ்ஸுக்கும் இது தெரியும். கேட்டார், எழுதினார், "அப்பிடியோ" என்றார்.

சீசன் தொடங்குவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிய ஒரு சின்னச் சந்திப்புக்கு வரும்படி ரீற்றாக்கா எங்களைக் கூப்பிட்டார். ஒழுங்கைக்குள் ஸ்கூட்டியைத் திருப்பியவுடனேயே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஓலைத் தோரணம். வெள்ளைச் சீலை விரித்த வழி. பள்ளிக்கூடப் பாண்ட் வாத்தியம். சங்கத்துப் பெண்கள் எல்லோரும் பெருநாள் சேலையில். கட்டடத்து வாசலில் சிவப்பு ரிபன். நான் வாயைத் திறப்பதற்குள் மிஸ்ஸின் கழுத்தில் மாலை விழுந்துவிட்டது. தலைக்கவசத்துக்கு மேலாகத்தான் போட்டார்கள்.

மிஸ் நடந்து வந்து ரிபனுக்கு முன்னால் நின்றார். ஒருவர் தட்டத்தை நீட்டினார். தட்டத்தில் கத்திரிக்கோல்.

"ரீற்றாக்கா, நான் எந்த நிறுவனமும் இல்லை. எத்தினை தரம் சொன்னனான்."

"ஓம் பிள்ளை, சொன்னனீங்கள்."

"இதைத் திறக்க எனக்கு ஒரு அதிகாரமும் இல்லை."

"அதிகாரம் இருக்கிற ஆக்கள் ஒருத்தரும் வரேல்லை. இல்லாத ஆளெண்டாலும் நீங்கள் வந்து நிக்கிறீங்கள்."

இரகசியமாகப் பார்க்க வந்த பெரிய ஆள் என்று ஊர்தான் நம்பியது. ரீற்றாக்கா நம்பவில்லை. இவர் யார் என்பது அவருக்கு வடிவாகத் தெரிந்திருந்தது. அவருக்கு வேண்டியிருந்தது ஒரு வெளியாள், ஒரு கை.

மிஸ்ஸின் குரல் தாழ்ந்தது. பக்கத்தில் நின்றதால் எனக்குக் கேட்டது. "நான் இதில கை வச்சால் என்ர ஆராய்ச்சி பழுதாப் போயிடும் அக்கா."

"வெட்டாமப் போனீங்களெண்டா எங்கட நண்டு பழுதாப் போயிடும்."

"பிறகு உங்களைக் கூப்பிட்டு ஆரும் கரைச்சல் தந்தால்? நான் போயிடுவன். நீங்கள் இங்கதானே இருக்கப் போறீங்கள்."

"நாங்கள் இங்கதான் இருக்கிறம். இருந்து கொட்டிலுக்குள்ள என்னத்தைப் பிடுங்கிறது? அதை நாங்கள் யோசிச்சுத்தான் கூப்பிட்டனாங்கள். வெட்டுங்கோ."

அவர் என்னைப் பார்த்தார். வழமையாக நான்தான் அவருக்குச் சனத்தை விளங்கப்படுத்துகிறவள். அன்றைக்கு விளங்கப்படுத்த ஒன்றும் இருக்கவில்லை. வெட்டுங்கோ மிஸ் என்று கத்தவேண்டும் போல இருந்தது. என் வேலை அதுவல்ல என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பாண்டுக்காரப் பிள்ளைகள் பொறுமை இழந்து முன்கூட்டியே ஊதத் தொடங்கிவிட்டார்கள்.

மிஸ் கத்திரிக்கோலை எடுத்தார். அது மொட்டை. ரிபன் வெட்டுப்படாமல் மடிந்து மடிந்து போனது. ரீற்றாக்கா ரிபனை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தார். மிஸ் உதட்டைக் கடித்துக்கொண்டு அரிந்தார். அறுந்தபோது இரண்டு பேரும் விழப் பார்த்தார்கள். பெண்கள் கைதட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். யாரோ பைப்பைத் திறந்தார்கள். தண்ணீர் வருகிற சத்தத்துக்கு உள்ளே ஒரே ஆரவாரம். மிஸ் வாசலிலேயே நின்று, தலைக்கவசமும் மாலையுமாக, விக்கி விக்கி அழுதார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. சும்மா சொல்லக்கூடாது, நானும் அழுதேன்.

அன்று பின்னேரமே சொல்லிவிட்டார். "அந்தக் கிராமத்தைப் புத்தகத்தில இருந்து எடுக்கிறன், தங்கச்சி."

"முழுக்கவோ? உங்கட நடு அத்தியாயமெல்லோ?"

"நான் கை வச்ச இடத்தை, சும்மா நிண்டு பாத்த இடமெண்டு எழுதேலாது."

நான் எவ்வளவோ வாதாடிப் பார்த்தேன். திறந்ததையும் சேர்த்து எழுதுங்கோ என்றேன். எழுதினால் யார், எங்கே என்று தேடி ரீற்றாக்காவிடம்தான் வந்து நிற்பார்கள் என்றார். பிடித்த பிடியில் நின்றார். சில நாளில் விமானமும் ஏறிவிட்டார்.

அவர் பயந்தபடியே கந்தோரில் இருந்து ரீற்றாக்காவுக்கு அழைப்பு வந்தது. துணைக்கு நானும் போனேன். அதிகாரி பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தார்.

"ஆரைக் கேட்டுத் திறந்தனீங்கள்?"

"பிரதம விருந்தினர் வந்து திறந்தவா ஐயா."

"ஆர் அவ? பேர் என்ன?"

"பேர் கேக்கேல்லை. அவவும் எங்கட பேரை வெளியில சொல்லமாட்டன் எண்டுதான் கதைக்கத் தொடங்கினவா."

"எந்த நிறுவனம்? என்ன தந்தவை?"

"ஒண்டும் தரமாட்டன் எண்டு முதலே சொல்லிப்போட்டா."

அதிகாரியின் பேனை நின்றது. "கொஞ்சம் பொறுங்கோ. இங்க வந்து அரைநாள் இருந்து எல்லாத்தையும் கேட்டுப்போட்டு, ஒண்டும் சொல்லாமப் போனாவே, அவவோ?"

"ஓம் ஐயா. அவதான்."

அவர் மின்விசிறியைக் கூட்டச் சொன்னார். பேனையை மூடினார். ரீற்றாக்காவுக்கு ஒரு கதிரை வந்தது, பிறகு தேத்தண்ணி வந்தது. அந்தக் கிழமை முடிவதற்குள் கட்டடத்தைச் சங்கத்திடம் கையளித்ததாக அந்தக் கந்தோர் ஒரு கடிதம் அனுப்பியது. மற்றக் கந்தோருக்கு எப்படியோ விஷயம் எட்டி, தாங்கள்தான் கையளித்ததாக அவர்களும் ஒரு கடிதம் அனுப்பினார்கள். ரீற்றாக்கா இரண்டையும் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்.

புத்தகம் வந்தது. எனக்கும் ஒன்று அனுப்பினார். கெட்டியான மட்டை, நல்ல தாள். அந்தக் கிராமம் அதில் இல்லை. அவரோடு வேலை செய்கிற ஒருவர், நடுப்பகுதி கொஞ்சம் பலவீனம் என்று எழுதியிருந்தாராம். அதையும் அவரே தொலைபேசியில் சொல்லிச் சிரித்தார்.

"கவலையில்லையோ மிஸ்?"

"கவலைதான். நல்ல அத்தியாயம் அது."

இப்போதும் நண்டுச் சீசன் தொடங்கினால் மிஸ்ஸிடம் இருந்து தொலைபேசி அழைப்பு வரும். சுகம் கேட்பதற்கு முன்னரே கேட்பார்.

"லொறி வந்ததோ, தங்கச்சி?"

"வந்தது மிஸ். ரீற்றாக்காவே ஏத்திவிட்டவா."

அவர் பக்கத்தில் பேனையின் சத்தம் இல்லை, தாள் புரளும் சத்தமும் இல்லை.

"அப்ப சரி" என்பார். "எனக்குச் சரியான சந்தோசம்."